குடிலில் மண்டியிட்டிருந்த மூன்றாவது ராஜா

"மூணாவது ராஜா ஆடறாரு சாமி. அடியில என்னமோ துருத்திக்கிட்டு நிக்குது. நீயே பாரு."

அத்தை இதைச் சொன்னது கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு தொடங்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். அன்று அதை எழுதும்போது அது ஒரு முக்கியமான வாக்கியம் என்று தோன்றவில்லை. அதற்கு மேல் வரியில் மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட் வாங்கியதும், கீழ் வரியில் பேருந்தில் இடம் கிடைக்காததும் இருக்கின்றன.

நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைப் பராமரிக்கும் அறையில் இருபத்தாறு வருட வேலை. அப்பா ஜலகண்டாபுரத்தில் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க விசைத்தறி பழுது பார்த்தவர், வயது எழுபத்தெட்டு. அவருடைய அக்கா, என் அத்தை, எண்பத்தைந்து வயது, கணவர் இறந்த பிறகு தம்பியோடு வந்து இருக்கிறார். ஞாயிறுதோறும் நான் அங்கே போய்விடுவேன்.

கிறிஸ்துமஸ் குடில் வைப்பதில் எங்கள் வீட்டுக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று தகரப் பெட்டியைத் திறந்து, வைக்கோலை நீக்கி, சுரூபங்களை, அதாவது குடில் பொம்மைகளை, வெளியே எடுத்து, எங்கெங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறதோ அங்கே எனாமல் பூசுவது. அதைச் செய்வது அத்தை மட்டுமே. இரண்டாவது, பிறந்த குழந்தையைத் தேடி வரும் மூன்று ராஜாக்களையும் நேராகக் குடிலுக்குள் வைக்க மாட்டோம். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் வாசல்படிக்கு அருகே சுவரோரம் நிற்பார்கள். தினமும் ஒரு சாண் நகர்ந்து, ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடிலை வந்தடைவார்கள்.

இதில் ஒரு சிக்கல், மூன்றாவது ராஜா மண்டி போட்டிருப்பவர். உண்மையான மூன்றாவது ராஜா சேலத்தில் வாங்கிய சுண்ணாம்புச் சுரூபம். நான் பள்ளியில் படிக்கும்போதே பெட்டி சரிந்து அவருடைய தலை போய்விட்டது. அதுவரை ஆடுகளுக்குப் பின்னால் இடையராக இருந்த மரச் சுரூபத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக உயரம், கூப்பிய கை, குனிந்த பார்வை, மொட்டைத் தலை. அத்தை மொட்டையை மறைத்துக் கறுப்பு முடி வரைந்தார், மீசையும் தாடியும் வைத்தார், பச்சை அங்கி கொடுத்தார், ஜிகினாத்தாளில் கிரீடம் ஒட்டினார். தொங்கும் நீளக் காதுகள் மட்டும் முடிக்குள் அடங்கவில்லை.

"பெத்லகேம் வரைக்கும் மண்டி போட்டுக்கிட்டே வர்ற ராஜா நம்மூட்டுல மட்டுந்தான்" என்று அப்பா வருடா வருடம் சொல்வார். அடுத்து, வந்திருப்பவர் யாராக இருந்தாலும், அந்தச் சுரூபத்தின் கதையையும் சொல்வார். அவருடைய அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மாவை ஜப்பான் பிடித்து வைத்திருந்து, பின் பிரிட்டிஷ் படைகள் திரும்ப உள்ளே போன சமயத்தில் அவரும் லாரியோடு போனார். அங்கே பட்டாளத்துக்குப் பூசை வைக்கும் ஒரு வெள்ளைக்காரச் சாமியார், இவருடைய பக்தியைப் பார்த்து இந்தச் சுரூபத்தை மந்திரித்துக் கொடுத்தார். என் தாத்தா இறக்கும்போது அப்பாவுக்குப் பத்து வயது. தாத்தாவைப் பற்றி அப்பாவிடம் இருந்தவை முகம் சரியாகத் தெரியாத ஒரு குழுப் புகைப்படமும் இந்தக் கதையும்தான்.

ராஜாவைத் திருப்பிப் பார்த்தேன். பீடத்தின் அடிப்பக்கம் வருடக்கணக்கில் பூசிய எனாமல் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. பழைய துணியில் தின்னரை நனைத்துத் தேய்த்தேன். பச்சை போனது, நீலம் வந்தது. நீலம் போனது, காவி வந்தது. அதற்கும் கீழே ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்ததை நான் கவனிப்பதற்குள் அதில் பாதி துணியோடு வந்துவிட்டது. இது என் தவறு. நிறுத்தினேன். மீதமிருந்த காகிதத்தில் வட்ட வட்டமாகச் சில எழுத்துகள். அதன் பக்கத்தில், விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை, அதன்மேல் கறுப்பு மசியில் மெல்லிய பேனாவால் எழுதிய ஓர் ஆங்கில எழுத்து, நான்கு இலக்கங்கள், ஒரு சாய்கோடு, இரண்டு இலக்கங்கள். அழிந்துவிடாமல் இருக்க அதன்மேல் வார்னிஷ்.

மருத்துவமனையில் என் அலமாரிகளில் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் இதே போல ஒரு பட்டை இருக்கிறது, இதே போல ஒரு சாய்கோடு. சாய்கோட்டுக்குப் பிறகு வருவது வருடம். இந்த எண்ணை எழுதியவருக்கு ஒரு பதிவேடு இருந்திருக்க வேண்டும். பட்டையின் விளிம்பு கோணாமல் இழுத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"மிலிட்டரி நம்பரா இருக்கும்" என்றார் அப்பா.

"சாமியார் குடுத்த சுரூபத்துக்கு மிலிட்டரி எதுக்குங்கப்பா நம்பர் போடுது?"

"பட்டாளத்துல துடைப்பத்துக்குக்கூட நம்பர் உண்டு."

அத்தையைப் பார்த்தேன். எப்போதும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர், அன்று பிரஷ்ஷைத் தின்னரில் கழுவிக்கொண்டே இருந்தார். பிரஷ் எப்போதோ சுத்தமாகியிருந்தது.

அந்த வாரம் முழுக்க வட்ட எழுத்துகள்தான் எனக்கு வேலை. மதிய உணவு நேரத்தில் கைப்பேசியில் கன்னடம், தெலுங்கு, சிங்களம் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வியாழக்கிழமைதான் பர்மிய எழுத்து என்று முடிவுக்கு வந்தேன். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஜலகண்டாபுரத்திலேயே இருந்தார். அத்தை வருடந்தோறும் எனாமல் வாங்கும் பெயிண்ட் கடை பாயின் அம்மா ரங்கூனில் பிறந்து பத்தாவது வரை அங்கே படித்தவர். கப்பலில் வந்து இறங்கும்போது பதினெட்டு வயதாம்.

அடுத்த ஞாயிறு ராஜாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவும் வந்தார். கதையைக் காப்பாற்ற வந்தார் என்று நினைக்கிறேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்த அம்மா கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் பிடித்துக்கொண்டு காகிதத் துண்டை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"இது ஊரு பேருமா. ரங்கூன் இல்ல, வடக்க. அடுத்தது பாதிதான் இருக்கு." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "பழைய சாமானெல்லாம் கண்ணாடிக்குள்ள வெச்சு ஜனங்களுக்குக் காட்டுவாங்களே, காட்சிசாலை. அந்த வார்த்தைதான்."

சொல்லிவிட்டு ராஜாவை நிமிர்த்திப் பிடித்தார். அடுத்த நொடி உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"யா அல்லா! இவருக்கு யாரு மீசை வெச்சது?"

"எங்க அத்தைங்கம்மா."

"இவரு புத்த சாமியாரும்மா. மொட்டைத் தலை, வெறும் கால். எங்க தெரு முனையில ஒரு பகோடா, புத்தர் கோயிலு, இருந்துச்சு, பள்ளிக்கூடம் போறப்ப தெனம் பார்ப்பேன். நடுவுல புத்தர், இந்தப் பக்கம் ஒரு சீடரு, அந்தப் பக்கம் ஒரு சீடரு, ரெண்டு பேரும் இப்பிடித்தான் மண்டி போட்டுக் கும்பிட்டுக்கிட்டு. ஒத்தையா இருக்க மாட்டாரே. இன்னொருத்தரு எங்க?"

பாய் எட்டிப் பார்த்து, "நம்ம கடை எனாமல் நல்லா ஒழைச்சிருக்குதுங்க" என்றார். அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப எங்கப்பா மியூசியத்துல திருடினாருங்கறயா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்கப்பா. நம்பர் இருக்குது, ஊர் இருக்குது. கேட்டு எழுதிப் பார்க்கலாம்."

"எழுது. ஒரு சாமியாரு குடுத்தாருன்னு மறக்காம எழுது. அந்தச் சாமியாருக்கு யாரு குடுத்தாங்கன்னு அவங்களே தேடிக்கட்டும்."

அன்று மாலையே எழுதினேன். அந்த ஊரில் இப்போதும் ஒரு காட்சிசாலை இருக்கிறது. ஊரையும் எண்ணையும் இங்கே சொல்லப் போவதில்லை, இரண்டும் என் நாட்குறிப்பில் பத்திரமாக உள்ளன. ஆறு புகைப்படங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து. தின்னரால் காகிதத்தில் பாதி போனதையும் ஒப்புக்கொண்டேன். சாமியார் கதையை "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று குறிப்பிட்டேன். அப்பாவிடம் அந்த இரண்டு சொற்களை மட்டும் படித்துக் காட்டவில்லை.

அந்த நாட்டில் நடப்பதைப் பற்றிச் செய்திகளில் பார்ப்பதை வைத்து, பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினோராம் நாள் வந்தது. சுருக்கமான, மரியாதையான ஆங்கிலம். எண் அவர்களுடையதுதான். ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கடைசி மாதங்களில் காட்சிசாலையிலிருந்து மரப்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட பொருட்களின் பட்டியலில் அது இருக்கிறது. பழைய பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார்கள். அதே கை, அதே மெல்லிய பேனா, சாய்கோட்டின் அதே சாய்வு. மருத்துவமனை மேசையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசையில் அடுத்தடுத்து இரண்டு எண்கள், இரண்டையும் ஓர் அடைப்புக்குறி இணைத்திருந்தது: மண்டியிட்ட சீடர்கள், ஒரு ஜோடி.

கடிதத்தின் முடிவில் நான்கு விஷயங்கள் இருந்தன. இனிமேல் எதையும் துடைக்க வேண்டாம், பூச்சு எதுவாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். இப்போதைய நிலையில் பொருளை வாங்கிக்கொள்ள வழியில்லை, வழி ஏற்படும்போது எழுதுகிறோம், அதுவரை உங்களிடம் பாதுகாப்பாக வைத்திருக்க முடியுமா? இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும். கடைசியாக: ஜோடியில் மற்றதும் உங்கள் குடும்பத்திடம் இருக்கிறதா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அப்பாவுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். கூடத்தில் குடிலுக்கு மூங்கில் தப்பை கட்டி முடித்திருந்தார். கடைசிக் கேள்வி வந்ததும் கையிலிருந்த சணலைக் கீழே வைத்தார்.

"ரெண்டையும் சுருட்டிக்கிட்டு வந்தாருன்னு நெனக்கறாங்களா?"

"கேள்விதானுங்கப்பா. கேட்கத்தான் செய்வாங்க."

"சாமியாரு குடுத்தாருன்னு எழுதினயா இல்லையா?"

"எழுதினேன்."

"அப்புறம் என்ன?" குரல் உயர்ந்தது. "எனக்குப் பத்து வயசு. அந்த மனுசனைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அதையும் இல்லைன்னு சொல்ல எவனோ ஒருத்தன்..."

"தம்பி" என்றார் அத்தை. அடுக்களை நிலைப்படியில், அதிரச மாவு ஒட்டிய கையோடு நின்றிருந்தார். "அந்தச் சாமியாரு கதை நான் சொன்னது."

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அப்பா செத்த வருசம். பங்குக் கோயில்ல குடில் போட்டி வெச்சாங்க. ஊடு ஊடா வந்து மார்க்குப் போட்டாங்க. வந்தவங்கள்ல ஒருத்தரு இவரைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்துட்டு, 'என்ன பாப்பா, நம்பர் போட்டிருக்குது? ஏலத்துல எடுத்ததா?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. வாயில வந்தது, 'மிலிட்டரி சாமியாரு மந்திரிச்சுக் குடுத்தது'ன்னேன். நீ பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்த. அன்னிக்கே அடியில ரெண்டு கோட்டிங் அடிச்சேன். அதுக்கப்புறம் வருசா வருசம்."

"அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு அக்கா" என்றார் அப்பா. "முன்னாடி இருந்த பங்குச் சாமியாரு இதைப் பிரசங்கத்துலயே சொன்னாரு."

"நானும் கோயில்லதான் உக்காந்திருந்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அப்பாவுக்கு அடக்க வேண்டிய சிரிப்பே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நெசமா எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டார். ஒரு பத்து வயதுப் பையன் கேட்பது போலத்தான் இருந்தது.

அத்தை சொன்னார். அன்று நான் எழுதிக்கொண்டது இது:

"மொத மொதல்ல என்னைப் பெயிண்ட் அடிக்க உட்டப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. 'மேல என்ன கலரு வேணாலும் அடி சாமி, அடியில மட்டும் பிரஷ்ஷு படக்கூடாது'ன்னாரு அப்பா. ஏனுங்கப்பான்னேன். 'அது அவரு ஊட்டு அட்ரஸு. அவரு ஒரு நாளைக்குத் திரும்பிப் போவோணும். ஜப்பான்காரனுங்க அவரு ஊர்ப் பொட்டியை ஒடச்சு, ரோட்டோரம் போட்டுட்டு ஓடிட்டானுங்க'ன்னாரு. லாரியெல்லாம் நின்ன எடத்துல நம்ம பட்டாளத்துக்காரங்க டீ காய வெச்சிருக்காங்க. மழை, காஞ்ச வெறகே இல்லையாம். பொட்டிப் பலகையை எரிச்சாங்களாம், அது தீந்து உள்ள இருந்ததையும் எரிச்சாங்களாம். ரெண்டு பேரு மண்டி போட்டவங்க. ஒருத்தரு அடுப்புக்குள்ள போயிட்டாரு. அடுத்தது இவரு. அப்பா போயி, லாரிச் சக்கரத்துக்கு அண்டக் குடுக்கற கட்டையைக் கொண்டுவந்து அவங்களுக்குக் குடுத்துட்டு, இவரை எடுத்துக்கிட்டாரு. நம்ம குடில்ல இருக்கற இடையர் மாதிரியே கும்பிட்டுக்கிட்டு இருந்தாருன்னாரு. கட்டை தொலைஞ்சதுக்கு அவருக்கு என்னமோ தண்டனையும் குடுத்தாங்க."

"திருப்பி அனுப்ப நெனச்சவரு ஏன் அனுப்பலை?" என்று கேட்டேன்.

"யாருக்குன்னு அனுப்பறது? அவருக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" அத்தை மாவுக் கையை முந்தானையில் துடைத்தார். "தெரிஞ்சவங்க வருவாங்கன்னு வெச்சிருந்தாரு. நான் மூடிப்புட்டேன்."

அத்தை சொன்னதைச் சரிபார்க்க வழி எதுவும் இல்லை. பெயிண்ட் வாங்கிய கடையின் பின்கட்டிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவர் இத்தனை வருடம் இருந்தார் என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு வாரம் கழித்து அதே கதையை மறுபடி கேட்டபோது, தாத்தா கொடுத்தது இரண்டு கட்டை என்றார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

படிவத்தை எடுத்தோம். "பொருள் உங்களிடம் வந்த விதம்" என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அப்பா பேனாவை வாங்கித் தானே தமிழில் எழுதினார், ஆங்கிலத்தில் நான் கீழே எழுதிக்கொள்ள வேண்டியது. "என் அப்பா லாரி டிரைவர். விறகில் கிடந்ததை எடுத்தார். பதிலுக்குக் கட்டை கொடுத்தார். திருப்பி அனுப்ப நினைத்தார்."

எழுதிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் முகம் அவருக்குத் தெரியும். என்னைப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து பார்த்த முகம்.

"சரி, சரி. ஆதாரம் கேட்கற" என்றார். கடைசி வரியின் பின்னால், நெருக்கி, "என்று என் அக்கா சொல்கிறார்" என்று சேர்த்தார். சற்று யோசித்து, அதற்கும் கீழே, "நம்பரை அவர் அழிக்கவில்லை" என்று எழுதினார். அந்த வரிக்கு ஆதாரம் மேசைமேல் இருந்தது.

"மேல பெயிண்ட் அடிச்சது நானுன்னும் போடு" என்றார் அத்தை.

"உங்க பேரையுமா?"

"பேரைப் போடு. அவங்க பாட்டுக்கு அப்பா அடிச்சதுன்னு நெனச்சுக்கப் போறாங்க. மீசையும் நானுன்னு போடு."

"மீசையோடதான் போவாரு அத்தை. எதையும் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

அத்தைக்கு அப்போதுதான் அது உறைத்தது. "அய்யோ சாமி, இந்த வருசம் மீசை கோணலா வேற போச்சே" என்றார். அப்பா அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

ஜோடியில் மற்றதைப் பற்றிய கேள்வி பாக்கியிருந்தது. அப்பா ஒரே சொல்லில் முடித்தார்: "எரிந்துவிட்டது." பேனாவை மூடிவைத்துவிட்டு, மூங்கில் தப்பையை மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

மூன்றாவது ராஜாவை இந்த வருடம் குடிலில் வைக்கலாமா என்பதில் ஒரு விவாதம் நடந்தது. பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்றேன் நான். விருந்தாளியைப் பெட்டிக்குள் பூட்டுவார்களா என்றார் அத்தை. அப்பா இரண்டு பேர் சொன்னதையும் விட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் அன்று காலை, மற்ற இரண்டு ராஜாக்களையும் வழக்கம்போல வாசல்படி அருகே நிறுத்தினார். மண்டியிட்டவரைக் குடிலின் முன்னால், குழந்தைக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து வைத்தார். ஜிகினாக் கிரீடத்தை எடுத்துவிட்டிருந்தார். அது ஒட்டியது மட்டும்தான், பூச்சு ஆகாது என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கினார்.

தினமும் இரண்டு ராஜாக்கள் உள்ளே ஒரு சாண் வந்தார்கள். அவர் வெளியே ஒரு சாண் போனார். நடுவில் ஒரு நாள், சுவரோரம் மூவரும் எதிரெதிரே வந்தபோது, அத்தை அவரைச் சற்று ஒதுக்கி அவர்களுக்கு வழிவிட்டார். மூன்று ராஜாக்கள் திருநாளன்று அவர் நிலைப்படியை அடைந்தார். பீடம் ஆடவில்லை. மறுநாள் காலை அவரைப் புதுத் துண்டில் சுற்றி அப்பாவின் பீரோவில் வைத்தோம், அடிப்பக்கம் மேலே தெரியும்படி. அதற்கு மேல் அவர் போக வேண்டிய வழியைப் பற்றி இன்னும் கடிதம் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மின்னஞ்சலைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேருந்தைவிட்டு இறங்கியதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி அதுதான்.